கரிசல் மண்ணும் கொடைத் திரையில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளும்

எங்க பக்கத்துக் கொடைகளில் இப்போ எல்இடி திரையும் ஒரு சாமான் ஆகிவிட்டது. வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சா, நையாண்டி மேளத்துக்குச் சொல்லியாச்சா, பந்தல்காரன் எப்போ வர்றான் என்று கேட்கிற வரிசையிலேயே 'திரைக்காரனுக்குச் சொல்லியாச்சா' என்பதும் சேர்ந்துவிட்டது. நான் சின்னப் பையனா இருந்தப்போ வேப்பமரத்து உச்சியில் கட்டின குழாய் ரேடியோதான் கொடைக்கு அடையாளம். அப்புறம் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டினார்கள். அதுக்கும் அப்புறம் டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்தது, ஒரே ராத்திரியில் நாலு படம். விடிஞ்சு பார்த்தா பாதி ஊர் களத்துமேட்டில் தூங்கிக் கிடக்கும்.

திரை ஆடம்பரம்னு சொல்றவங்க உண்டு. தலைக்கட்டு வரி போடுகிற அன்னைக்கு நானும் முணுமுணுக்கிறவன்தான். ஆனா எங்க காளியம்மன் கோவில் கருவறைக்கு முன்னால பத்துப் பேர் நின்னா பதினொண்ணாவது ஆளுக்கு இடம் கிடையாது. அபிஷேகமும் அலங்காரமும் மற்றவர்களுக்கு முதுகும் தலையும்தான். முட்டி வலிக்கிற கிழவிகள் களத்துமேட்டில் உட்கார்ந்தபடியே சந்தனக்காப்பை முகம் முகமாப் பார்க்கிறதை நான் கண்டிருக்கிறேன். பங்குனியில் கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் தேருக்குப் போய்விட்டு 'கூட்டத்தில ஒண்ணும் தெரியலப்பா' என்று திரும்பி வருகிறவர்களுக்கு இதோட அருமை தெரியும். அதனால திரை வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அந்தத் திரை ஒழுங்கா வேலை செய்யலேன்னா என்ன ஏதுன்னு பார்க்க ஊருக்குள்ள ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கணும். அதுக்காகத்தான் இந்தப் பதிவு. உளுந்து விலையைப் பற்றி எழுதுறதா இருந்தேன், அது அடுத்த வாரம்.

என் தங்கச்சி மகன் இந்தத் தொழிலில் இருக்கிறான். நாலு ஏக்கர் மானாவாரி. மக்காச்சோளம் போட்டான், படைப்புழு தின்னுச்சு. மருந்துச் செலவு விளைச்சலைத் தாண்டிப் போச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தையே மூழ்கடித்த மழை வந்ததே, அதில் இருந்ததும் போச்சு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரி நகையை அடகு வைத்து, யாரோ வெளியூர்க்காரர் விற்ற பழைய பேனல் 35 வாங்கினான். கூட ஒரு குட்டி யானை வண்டி. என் தங்கச்சி என்னிடம் வந்து அழுதாள். நான் என்னத்தைச் சொல்ல? வானம் பார்த்த விவசாயத்துக்கு இது ஒண்ணும் மோசமில்லை என்றுதான் சொன்னேன்.

அவன் கூட நாலஞ்சு கொடைக்குப் போய்ப் பார்த்ததில், இந்தத் திரைக்கும் ஒரு பயிருக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு தோணிச்சு. இலை மஞ்சளானா நாம உடனே யூரியா மூட்டையைத் தூக்க மாட்டோம். எந்த இலை மஞ்சள்னு பார்ப்போம். அடியில் இருக்கிற கிழட்டு இலை மஞ்சளானா தழைச்சத்துக் குறைவு. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறைவு, நம்ம சுண்ணாம்புக் கரிசலில் அது சாதாரணம். எங்கே வந்திருக்கு என்பதுதான் என்ன நோய் என்பதைச் சொல்லும். திரையும் அப்படியே.

முதல்ல அது எப்படி ஓடுதுன்னு சொல்லிவிடுகிறேன். அவனிடம் இருக்கிறது ஒரு பேனல் அரை மீட்டருக்கு அரை மீட்டர். புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர் இடைவெளி, அதனால ஒரு பேனலில் 128க்கு 128 புள்ளி. குறுக்கே ஏழு, உயரம் அஞ்சு என்று அடுக்கினால் பதினொன்றரை அடிக்கு எட்டு அடித் திரை. மொத்தம் 5,73,440 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூணு விளக்கு. இதில் நீலம்தான் கடைசியா வந்தது. சிவப்பு 1962லேயே வந்துவிட்டது. நல்ல பிரகாசமான நீலத்துக்கு உலகம் 1990கள் வரைக்கும் காத்திருந்தது. அதைச் செய்து காட்டின அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை, வெள்ளை இல்லாமல் அம்மன் முகத்துத் திருநீறு இல்லை.

கேமராவில் இருந்து படம் மிக்ஸருக்கு வருது. அங்கிருந்து கேபிள் வழியா புராசசர் என்கிற பெட்டிக்கு. அந்தப் பெட்டி படத்தைத் திரை அளவுக்கு வெட்டி, நம்ம வீட்டு இன்டர்நெட்டுக்கு வர்ற அதே மாதிரி லேன் கேபிளில் முதல் பேனலுக்கு அனுப்புது. முதல் பேனலுக்குள் இருக்கிற ரிசீவிங் கார்டு தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இரண்டாவது பேனலுக்குத் தள்ளிவிடும். அது மூணாவதுக்கு. சொட்டுநீர்க் குழாய் மாதிரிதான், ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. ஒரு லேன் போர்ட் சுமார் ஆறரை லட்சம் புள்ளி வரைக்கும் தாங்கும். அதனால இவன் 35 பேனலுக்கு ஒரே கேபிள் போதும். கூட அஞ்சாறு பேனல் இரவல் வாங்கிச் சேர்த்தால் இரண்டாவது போர்ட்டுக்குப் பிரிச்சாகணும். இது தெரியாம ஒரே போர்ட்டில் கோர்த்துவிட்டு, கடைசிப் பேனல் கறுப்பா இருக்கேன்னு பேனலைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போ இலையைப் பார்க்கிற கதைக்கு வருவோம். ஒரு பேனலில் ஆரம்பித்து அதுக்குப் பின்னால இருக்கிற எல்லாமே போயிருந்தால், கடைசியா நல்லா இருக்கிற பேனலுக்கும் முதலில் கெட்ட பேனலுக்கும் நடுவில் இருக்கிற லேன் கேபிளைப் பிடிங்க. பத்துக்கு எட்டு அதுதான். கேபிள் முனையில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அது ஒடிஞ்சிருந்தா 'டக்'குனு பூட்டாது, காத்துக்குத் திரை ஆட ஆட விட்டு விட்டுத் தொடும். கயத்தாறுப் பக்கம் காத்தாடி சுத்துதே, அதே காத்துதான் ஆனி, ஆடியில் நம்ம திரையையும் ஆட்டுது. ஒரே ஒரு பேனல் மட்டும் இருட்டு, அதுக்குப் பின்னால வெளிச்சம் என்றால், வாய்க்கால் சரியாத்தான் ஓடுது, அந்தப் பேனலுக்குள்ளதான் கோளாறு. பேனலுக்குள் ஒரு சதுரம் மட்டும் கோணல்மாணலா இருந்தால், உள்ளே தட்டையா ரிப்பன் மாதிரி ஒரு கேபிள் போகும், அதைக் கழற்றித் துடைத்துத் திரும்ப அழுத்தினால் முக்கால்வாசி சரியாகும். கரிசல் புழுதி மாவு மாதிரி, எங்கேயும் புகும். ராத்திரிப் பனியும் சேர்ந்தால் முள்ளில் பச்சை பூத்துவிடும். மருமகன் பையில் பள்ளிக்கூடத்து ரப்பர் ஒண்ணு எப்போதும் கிடக்கும். அழிக்க இல்லை, முனையைத் தேய்க்க.

வெள்ளை காட்டுகிற இடமெல்லாம் செம்மண் கலந்த தண்ணி மாதிரி தெரிந்தால் அது சிக்னலே இல்லை, கரன்ட் பசி. பேனலுக்குள் 5 வோல்ட்டில் ஓடுது. வோல்டேஜ் இறங்கினால் நீலமும் பச்சையும்தான் முதலில் மங்கும். அதுகளுக்குச் சுமார் 3 வோல்ட் வேணும், சிவப்புக்கு 2 போதும். சிவப்பு மட்டும் தாக்குப்பிடித்து நிற்கும். உள்ளே அந்த 5 வோல்ட் சோர்ந்தால் பேனல் இப்படித்தான் சிவக்கும்.

இன்னொண்ணு, ஊர்ப் பையன்கள் அடிக்கடி சண்டைக்கு வருகிற விஷயம். செல்போனில் எடுத்தா திரையில் கோடு கோடா ஓடுதுன்னு வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள். கண்ணுக்குக் கோடு தெரியுதா? தெரியலேன்னா சிக்னல் சரி. திரை ஒரு வினாடிக்கு எத்தனை தடவை மின்னுது என்பதும் போன் கேமரா எவ்வளவு வேகமாப் பார்க்குது என்பதும் ஒத்துப் போகாததால் வருவது அது. 1920 தடவை மின்னுகிற பேனலில் கோடு விழும், 3840 என்றால் ரொம்பக் குறையும். பேனல் வாங்கும்போது பார்க்க வேண்டியது, கொடை அன்னைக்குச் சரிபண்ண முடியாது.

மொத்தத் திரையும் ஒண்ணுபோல மினுங்கினாலோ, அணைந்து அணைந்து வந்தாலோ, படம் முழுக்க வெள்ளைப் புள்ளி தூவினாலோ, பேனல்களை விட்டுவிட்டுப் புராசசருக்கு முன்னால பாருங்க. கேமரா, மிக்ஸர், கேபிள். எச்டிஎம்ஐ கேபிள் சாதாரணமானது பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் போனால் சோர்ந்துவிடும். முதலில் புள்ளி வரும், அப்புறம் படமே போகும். அதுக்கு மேல தூரம்னா எஸ்டிஐ என்கிற, கேபிள் டிவி வயர் மாதிரி உருண்டை வயர் போடணும். இல்லேன்னா கண்ணாடி நார் கேபிள். கண்ணாடி நார் எச்டிஎம்ஐக்கு முன் முனை, பின் முனை உண்டு. மாத்திச் சொருகினா ஒரு பொட்டு வெளிச்சம் வராது, பேனலைக் குற்றம் சொல்லக் கூடாது.

இவ்வளவும் மருமகனுக்கு அத்துப்படி. போன வைகாசியில் பக்கத்து ஊர்க் கொடையில் அவனுக்கே பிடிபடாத ஒண்ணு வந்தது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி. மறுநாள் பெரிய கொடை. எட்டு மணிக்கு எனக்குப் போன்.

"மாமா, கொஞ்சம் வர்றீயளா? லேப்டாப்பப் போட்டா படம் கண்ணாடி மாதிரி இருக்கு. கோயில் கேமராவச் சொருகினா மட்டும் புள்ளி புள்ளியாத் தூவுது. நடுவுல அணைஞ்சு அணைஞ்சு வருது. கேபிள மாத்திட்டேன், கேமராவயும் மாத்திட்டேன்."

"வேற என்னா?"

"சீரியல் செட்டு அணைஞ்சு எரியும்போது புள்ளி கூடுது மாமா."

சீரியல் லைட்டுக்கும் கேமராப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைக் கேட்டதுமே வண்டியை எடுத்தேன். கூட என் பம்புசெட் பெட்டியில் கிடக்கிற மல்டிமீட்டரையும், ஹோல்டரோடு இருக்கிற சீரோ வாட் பல்பையும் எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷமா கிணத்து மோட்டாரோடு மல்லுக்கட்டினவனுக்கு அதுதான் ஆயுதம்.

போய்ப் பார்த்தால் அமைப்பு இப்படி. கோவிலுக்குள் கேமராவும் மிக்ஸரும், அதுக்குக் கரன்ட் கோவில் ஈபி லைனில் இருந்து. திரை அறுபது மீட்டர் தள்ளிக் களத்துமேட்டில். திரைக்கும் புராசசருக்கும் ஜெனரேட்டர் கரன்ட். ஜெனரேட்டர் வண்டி சத்தம் கேட்கக் கூடாதுன்னு தள்ளிக் குழாயடிப் பக்கம் நிற்குது. அங்கே இருந்து திரைக்கு வந்திருப்பது இரண்டே வயர், ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். எர்த்துக்குத் திரைக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பியை அடித்து வயரைச் சுத்தியிருக்கிறார் ஜெனரேட்டர்காரர்.

அந்தக் கம்பியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரலை. வைகாசிக் கரிசல் எப்படி இருக்கும்னு நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். வெடிப்புக்குள்ள ஆட்டுக்குட்டி கால் இறங்கினா ஒடிஞ்சுதான் வெளியே வரும். ஒரு அடி ஆழத்துக்கு அடித்த கம்பி, சரியா ஒரு வெடிப்பு ஓரத்தில். கையால ஆட்டிப் பார்த்தேன், ஆடுது. சுத்திலும் விரல் போகிற இடைவெளி. மண்ணில் நிற்கிற மாதிரி நிற்குது, மண்ணைத் தொடவே இல்லை.

இதில் என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, இதுதான் முக்கியம். ஒவ்வொரு பேனலுக்குள்ளும் 230 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்குகிற சப்ளை பெட்டி ஒண்ணு இருக்கு. இரைச்சலை வடிகட்டுறதுக்காக அதுக்குள் ஒரு சின்னக் கண்டன்சர் கரன்ட் வழியில் இருந்து தகர உடம்புக்குக் கட்டியிருப்பார்கள். அது வழியா எப்போதும் ரொம்பச் சின்னக் கசிவு ஒண்ணு உடம்புக்கு வந்து எர்த்துக்குள் இறங்கும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கு. லேப்டாப் சார்ஜரைச் சில வீடுகளில் தொட்டால் சுர்ருனு இருக்குதே, அதே சமாச்சாரம். எர்த் இல்லேன்னா அந்தத் தகரத்தில் கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் நிற்கும். ஒரு பேனல் என்றால் சுர்ருனு இருக்கும், கையை உதறிக்கொள்வோம். இங்கே 35 பேனல், எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் கட்டியிருக்கு. 35 கசிவும் ஒண்ணாச் சேருது. மனுஷனைப் பிடித்துக்கொள்கிற கரன்ட் ஒண்ணும் பெரிசில்லை. வீட்டில் போடுகிற உயிர் காக்கும் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற மாதிரி வைத்திருப்பதே அதனாலதான்.

அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்க வழியில்லை. வேற எந்த வழியா போச்சு? கேமரா கேபிள் வழியா. எஸ்டிஐ வயருக்கு மேல ஒரு பின்னல் கம்பி உறை உண்டு. ஒரு முனை புராசசர் தகரத்தில், மறுமுனை கோவிலுக்குள் மிக்ஸர் தகரத்தில். மிக்ஸருக்குக் கோவில் எர்த் கிடைக்குது. திரையோட கசிவெல்லாம் அறுபது மீட்டர் அந்தப் பின்னல் வழியா நடந்து கோவிலுக்குப் போய் இறங்குது. படம் போகிற வயரில் கரன்ட்டும் கூடவே நடந்தா படம் எப்படிச் சுத்தமா வரும்? சீரியல் செட்டு கோவில் லைன்தான், அது எரிந்து அணையும்போது அங்கே எர்த்தும் ஆடுது, புள்ளி கூடுது. லேப்டாப் பேட்டரியில் ஓடுது, எந்த எர்த்தையும் தொடலை, அதனால படம் கண்ணாடி.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எல்லாத்தையும் அணைத்து, கேமரா கேபிளைக் கழற்றி ஓரமா வைத்து, திரைப் பக்கம் யாரையும் விடாமல் மறுபடி ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன். இரும்புச் சட்டத்துக்கும் கழற்றின கேபிள் தலைக்கும் நடுவில் மீட்டர் 97 வோல்ட் காட்டியது. மீட்டர் சில நேரம் பேய் வோல்டேஜ் காட்டும், கரன்ட் இல்லாமலே எண் நிற்கும். அதனால சீரோ வாட் பல்பை அதே இரண்டுக்கும் நடுவில் கொடுத்தேன். பல்புக் கம்பி சிவப்பா, தணல் மாதிரி எரிந்தது. பேய் பல்பு எரிக்காது.

மருமகன் முகம் வெளுத்துவிட்டது. ஏன்னா மத்தியானம் பூரா அவன்தான் கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறான். ரப்பர்ச் செருப்பு போட்டிருந்தான், மண்ணும் காய்ஞ்சு கிடந்தது. கேபிள் மாட்டியிருக்கிற வரைக்கும் சட்டத்தில் வோல்டேஜ் இறங்கியிருக்கும். கழற்றின நிமிஷம் மொத்தமும் சட்டத்தில் ஏறி நிற்கும். மறுநாள் காலையில் அந்தக் களத்துமேட்டில்தான் பொங்கல் வைப்பார்கள். தண்ணி தெளிச்சு, சாணி போட்டு, வெறுங்காலோட நூறு பொம்பளைகள். பிள்ளைகள் திரைக்குப் பின்னால போய்ச் சட்டத்தில் தொங்கி விளையாடும், எந்தக் கொடையில் விளையாடலை? நடுவில் யாராவது கேபிளைத் தட்டி அவிழ்த்திருந்தால்? அதுக்கு மேல நான் யோசிக்கலை. அவனும் யோசிச்சிருப்பான், பேசவில்லை.

அதுக்குள்ள கமிட்டி ஆள் ஒருத்தர் வந்துவிட்டார். "என்னப்பா, இன்னும் முடியலியா? நாளைக்குப் படம் தெரியலேன்னா பாதிப் பணந்தான், இப்பவே சொல்லிட்டேன்." கூட வந்த ஒலிபெருக்கிப் பையன் ஒரு யோசனை சொன்னான். "மிக்ஸர் பிளக்குல எர்த் முள்ள ஒடிச்சு விட்டுருங்க, புள்ளி நின்னுரும், நாங்க இரைச்சல் வந்தா அப்படித்தான் செய்வோம்." உண்மைதான், புள்ளி நின்றுவிடும். கசிவுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும், படம் பளிச்சுனு தெரியும், சட்டம் முழுக்கக் கரன்ட்டோட நிற்கும், யாருக்கும் தெரியாது. இதை எழுதுறப்போகூட எனக்குக் கோவம் வருது. எத்தனை ஊரில் எத்தனை பிளக்கில் அந்த முள் ஒடிஞ்சு கிடக்குதோ. ஒரு நிமிஷத்துக்கு மருமகன் என்னையே பார்த்தான். பாதிப் பணம் என்றால் அந்த மாச வட்டி கட்ட முடியாது, எனக்கும் தெரியும். "முள்ளுல கை வைக்காத மாப்ள" என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் வேலை. ஜெனரேட்டர் நின்ற இடம் குழாயடி, ராப்பகலாத் தண்ணி சிந்துகிற இடம். அங்கே அடித்திருந்த கம்பி நல்லாப் பிடித்திருந்தது. அதனால முதல் காரியமா அங்கிருந்து திரை வரைக்கும் மூணாவதா ஒரு வயர், எர்த்துக்கென்றே, பச்சை வயர் இழுத்தோம். பந்தல்காரரிடம் இருந்த கனமான வயர்தான். ஜெனரேட்டர்காரர் முதலில் முறைத்தார், பல்பு எரிந்ததைக் காட்டினதும் அவரே வயரைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது, திரைக்குப் பக்கத்திலும் புதுசா எர்த். வெடிப்பு இல்லாத இடமாப் பார்த்துக் கடப்பாரையால் மூணு அடி இறக்கி, ஆறடிக் கம்பியைச் சம்மட்டியால் அடித்து, அடுப்புக்கரியும் உப்பும் போட்டு நாலு குடம் தண்ணி ஊத்தினோம். முதல் குடம் ஊத்தினதும் எங்கே போச்சுன்னே தெரியலை, கரிசல் குடிச்சிருச்சு. மூணாவது குடத்தில்தான் மண் ஊதி வெடிப்பு மூட ஆரம்பித்தது.

இதில் ஒரு வேடிக்கை. இப்போ எர்த் போடுகிறதுக்கென்று மூட்டையில் ஒரு பவுடர் விற்கிறார்கள், பென்டோனைட் என்று பெயர். ஈரத்தைப் பிடித்து வைத்து ஊதிக் கம்பியை இறுக்கும். அது என்னான்னு மருமகன் போனில் தேடிப் பார்த்தால், மான்ட்மோரில்லோனைட் என்கிற களிமண். நம்ம கரிசல் வெடிக்கிறதுக்கும் ஊதுறதுக்கும் காரணமே அந்த இனத்துக் களிதான். கோவில்பட்டியில் 1901லேயே ஆராய்ச்சிப் பண்ணை வைத்து இந்த மண்ணின் ஈரத்தை எப்படிக் காப்பதுன்னு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் நம்ம மண்ணை விட நல்ல எர்த் கிடைக்காது. கோடையில் இதே மண் கைவிட்டுவிடும். வைகாசிக்கும் ஐப்பசிக்கும் ஒரே கம்பி வேற வேற கம்பி.

மூணாவது, கேமராவுக்கும் மிக்ஸருக்கும் ஜெனரேட்டரில் இருந்தே ஒரு லைன் இழுத்துக் கொடுத்தோம். படம் சம்பந்தப்பட்ட எல்லாம் ஒரே கரன்ட், ஒரே எர்த். அப்புறம் மீட்டர் வைத்தால் ஒரு வோல்ட்கூட முழுசா இல்லை. பல்பு எரியவில்லை. கேமராவைச் சொருகினான். ஒரு புள்ளி இல்லை. சீரியல் செட்டைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பார்த்தோம், படம் அசையவில்லை. மணி பன்னிரண்டு. அம்மன் முகத்தில் மூக்குத்திக் கல் தனியாத் தெரிந்தது. கமிட்டிக்காரர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், பணத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

மறுநாள் காலையில் பொங்கல் வைக்கிறதுக்கு முன்னால மருமகன் சட்டத்தைச் சுத்திக் கயிறு கட்டினான், பிள்ளைகள் உள்ளே போகாதபடி. இரண்டு மணிக்கு ஒருதரம் குடத்தோடு போய் எர்த்துக்குத் தண்ணி ஊத்திவிட்டு வந்தான். "என்னலே, கம்பிக்குத் தண்ணி பாய்ச்சுத?" என்று கிழவர்கள் கேலி செய்தார்கள். முழுப் பணமும் வாங்கினான். அதில் முதல் செலவு 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் ஒண்ணு, கயத்தாறு ரோட்டுக் கடையில்.

இதை நீங்களே செய்து பாருங்கன்னு நான் சொல்லவில்லை. பல்பு, மீட்டர் எல்லாம் தெரிந்த வயர்மேன் கையில் இருக்கட்டும். கமிட்டியில் இருக்கிறவர்கள் திரை கட்டுகிற அன்னைக்கு மூணே மூணு கேள்வி கேட்டால் போதும். ஜெனரேட்டரில் இருந்து திரைக்கு எத்தனை வயர் வருது, இரண்டா மூணா? எர்த் கம்பியைக் கையால ஆட்டினா ஆடுதா? உயிர் காக்கும் சுவிட்ச் இருக்கா, பட்டனை அழுத்தினா விழுதா? திரைக்காரன் எரிச்சல்படுவான், படட்டும். படத்தில் புள்ளி தூவினால் பேனலை மட்டும் பார்க்காதீங்க, தரையையும் ஒரு பார்வை பாருங்க.

இப்போ அவன் வண்டியில் பேனலோடு ஒரு கடப்பாரை, இரண்டு ஆறடிக் கம்பி, ஒரு கேன் தண்ணி, ஒரு கட்டு பச்சை வயர் நிரந்தரமாக் கிடக்கு. ஆடியில் சாத்தான்குளம் பக்கம் ஒரு கொடைக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறான். அங்கே தேரிக்காடு, செம்மணல். தண்ணி ஊத்தினா நிற்காது, சல்லுனு கீழே போயிரும். கரிசல் மண்ணுக்கு என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியும். தேரி மணலில் எர்த் எப்படிப் போடுவீங்க, எத்தனை அடி இறக்கினா ஈரம் கிடைக்கும்? அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படிச்சா, ஆடிக்கு முன்னால சொல்லுங்க. மருமகன் கேட்கச் சொன்னான்.